வரிசையில் வளரும் பிள்ளைகள்: ஒன்ராறியோவின் ஓட்டிசச் சேவைகள்

ஸ்காபரோவில் ஒரு பிள்ளை விழுந்து கையை முறித்துக்கொண்டால் தாய் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டையைக் காட்டுவது. சில மணி நேரம் இருக்க வைப்பார்கள், ஆனால் காசு என்ற பேச்சே எழாது. அதே பிள்ளை மூன்று வயதாகியும் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று குழந்தைநல வைத்தியரிடம் கொண்டுபோக, அவர் பார்த்து ‘ஓட்டிசம்’ என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் கடிதத்தோடு ஓஹிப்பின் பொறுப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நடத்தைப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியின் பெரும்பகுதியும் வேறோர் அமைச்சின் கீழ், வேறொரு திட்டத்தில், வேறொரு வரிசையில் இருக்கின்றன. அந்த வரிசையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நின்றவர்கள் உண்டு. மூன்று வயதில் பதிந்த பிள்ளைக்கு ஐந்து ஆண்டு என்பது அதுவரை வாழ்ந்த காலத்தைவிட நீண்டது.

ஒன்ராறியோவில் இந்தச் சேவைகளை அரசு தரத் தொடங்கிக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆட்சிகள் மாறின. அமைச்சர்கள் மாறினார்கள், சிலர் இந்த விவகாரத்தாலேயே மாற்றப்பட்டார்கள். வயது எல்லை வந்தது, போனது, மறுபடி வந்தது. மாறாமல் இருந்தது பணம் முதலில் முடிவாவதும், அந்தப் பணத்துக்கு அடங்காத பிள்ளைகள் பட்டியலுக்குப் போவதும்தான். இந்தக் காத்திருப்புப் பட்டியலை நிர்வாகக் கோளாறு என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. வரவுசெலவுத் திட்டத்தை மீறாமல் காக்கும் கருவியாகவே அது வேலை செய்கிறது என்பது என் கருத்து. அதனால்தான் எத்தனை சீர்திருத்தம் வந்தும் அது கரையவில்லை.

இதன் வேர் கனடாவின் சுகாதாரச் சட்டத்தில் இருக்கிறது. சஸ்காச்சுவான் முதல்வராக இருந்த ரொமி டக்ளஸ் வித்திட்டு, 1962-இல் அந்த மாகாணத்தில் தொடங்கிய பொது மருத்துவக் காப்புறுதி, பின்னர் நாடு முழுவதற்குமானது. 1984-இன் கனடா சுகாதாரச் சட்டம் மாகாணங்களைக் கட்டுப்படுத்துவது இரண்டு விடயங்களில்: வைத்தியர் செய்வதும் ஆஸ்பத்திரியில் நடப்பதும் இலவசமாக இருக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு வெளியே, வைத்தியர் அல்லாத ஒருவர் செய்யும் சிகிச்சை எவ்வளவு அவசியமானாலும் அந்த வேலிக்குள் வராது. பல் வைத்தியமும் கண்ணாடியும் நெடுங்காலம் வெளியே நின்றது இதனால்தான். ஓட்டிசத்துக்கு மாத்திரையோ அறுவைச் சிகிச்சையோ கிடையாது. உதவுவதெல்லாம் பயிற்சியாளர் ஒருவர் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து மணிக்கணக்காகச் செய்யும் வேலை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அந்த வேலை யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வேலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஐவார் லோவாஸ். 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 40 மணி நேரம் தனித்தனியாகத் தீவிர நடத்தைப் பயிற்சி பெற்ற 19 சின்னப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்றிருந்தது. பின்வந்த ஆய்வுகள் பலவற்றில் பலன் இதைவிடக் குறைவாகவே இருந்தது. தண்டனை முறைகளும் அந்தப் பயிற்சியில் கலந்திருந்தன. இருந்தும் பெற்றோருக்கு அது முதல் நம்பிக்கை. அதுவரை அவர்களுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் பிள்ளையை இல்லத்தில் விடுங்கள் என்பதுதான்.

2000-ஆம் ஆண்டளவில் ஒன்ராறியோ இதை அரசுச் செலவில் கொடுக்கத் தொடங்கியது. இரண்டு முதல் ஐந்து வயதுவரையான பிள்ளைகளுக்கே திட்டம். ஆறாவது பிறந்தநாளோடு சேவை நின்றுவிடும். சின்ன வயதில் மூளை அதிகம் நெகிழும் என்ற நியாயம் சொல்லப்பட்டது, அதில் உண்மை இருந்தது. ஆனால் வரிசை நீண்டபோது அந்த நியாயமே பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பியது. நாலு வயதில் பதிந்து, வரிசையில் நின்று, முறை வருமுன் ஆறு வயதாகிவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். பட்டியல் தானாகவே குறைந்துகொண்டிருந்தது, யாருக்கும் எதுவும் கொடுக்காமலே.

பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணப் பெற்றோர் தொடுத்த ஓட்டன் வழக்கு முதலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கீழ் நீதிமன்றங்கள் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருந்தன. 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. மருத்துவ ரீதியில் தேவையான எல்லாவற்றையும் தருவதாகச் சட்டம் வாக்களிக்கவில்லை, வைத்தியர் சேவைகளுக்கு அப்பால் எதைக் கொடுப்பது என்பது மாகாண அரசின் விருப்பம், கொடுக்காததைப் பாகுபாடு என்று சொல்லமுடியாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த வழக்கில் இடையீட்டாளராக வந்த மொன்றியல்காரி மிஷெல் டோசனை இங்கே குறிப்பிடவேண்டும். அவரே ஓட்டிசம் உள்ளவர். எங்களை ‘சரிப்படுத்த’ வேண்டியவர்களாகப் பார்க்கும் ஒரு சிகிச்சையை உயிர்காக்கும் மருந்துபோல நீதிமன்றத்தில் வைக்கிறீர்கள், எங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பது அவர் வைத்த ஆட்சேபத்தின் போக்கு. பெற்றோர் பலருக்கு அது கசந்தது. ஆனால் அந்தக் குரல் அன்றைக்கு எழாமல் போயிருந்தால், பிள்ளையைப் பேசவைப்பதற்கும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள்போல நடிக்கவைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் இன்றும் யோசித்திருக்கமாட்டோம்.

ஒன்ராறியோப் பெற்றோர் தொடுத்தது வைன்பேர்க் வழக்கு. ஆறு வயது எல்லை பாகுபாடு என்று 2005-இல் நீதிபதி பிரான்சிஸ் கைற்லி தீர்ப்பளித்தார். 2006-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது, 2007-இல் உச்ச நீதிமன்றம் கேட்கவே மறுத்தது. சட்டப்படி பெற்றோர் தோற்றார்கள். அரசியலில் பாதி வென்றார்கள். 2003 தேர்தலில் ஆறு வயதுக்கு மேலும் சிகிச்சை தொடரும் என்று எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்த லிபரல் தலைவர் டால்ரன் மக்கின்ரி, முதல்வரானபின் அந்த வழக்கை நடத்திக்கொண்டே போனார். ஆனாலும் கைற்லியின் தீர்ப்புக்குப் பின் அரசு வயது எல்லையை எடுத்துவிட்டது. எடுத்த எல்லைக்கு ஈடான பணம் வரவில்லை. முன்பு ஆறு வயதில் வெளியே தள்ளப்பட்டவர்கள் இப்போது உள்ளேயே இருந்தார்கள், புதியவர்களுக்கு வாசல் அடைபட்டது. 2013-இல் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் கொடுத்த அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது: தீவிரப் பயிற்சி பெறுகிற பிள்ளைகளைவிட அதற்குக் காத்திருப்பவர்கள் அதிகம். மூன்று வயதுக்குச் சற்று மேல் ஓட்டிசம் என்று கண்டறியப்படும் பிள்ளைகள், பயிற்சி தொடங்கும்போது ஏறத்தாழ ஏழு வயதை எட்டிவிடுகிறார்கள். சின்ன வயதில் தொடங்கினால்தான் பலன் என்று சொல்லி ஆரம்பித்த திட்டம் அது.

2016 மார்ச்சில் லிபரல் அரசு அதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தது. ஐந்து ஆண்டுகளில் 333 மில்லியன் டொலர் புதிதாக வரும், ஆனால் தீவிரப் பயிற்சி ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மட்டும். ஐந்தைத் தாண்டி வரிசையில் நின்றவர்களுக்கு 8,000 டொலரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். அன்றைக்குத் தனியாரிடம் ஓராண்டுத் தீவிரப் பயிற்சிக்கு 50,000 டொலருக்கு மேல் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இரண்டு மூன்று ஆண்டு வரிசையில் நின்று, அடுத்தது எங்கள் முறை என்று இருந்த வீடுகளில் அந்த அறிவிப்பு எப்படி விழுந்திருக்கும்! மாதங்களுக்குள் அமைச்சர் மாறினார், புதிதாக வந்த மைக்கல் கோட்டோ மேலும் 200 மில்லியன் டொலரோடு அதைத் திருத்தினார், 2017-இல் வயதுப் பிரிவில்லாத திட்டம் தொடங்கியது. அது நன்றாகவே நடந்தது என்று அதற்குள் இருந்த பெற்றோர் சொல்வார்கள். பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் தேவை என்று பயிற்சியாளர் சொல்வாரோ அத்தனைக்கும் அரசு கட்டியது. உள்ளே சுமார் 8,400 பிள்ளைகள் இருந்தார்கள். வெளியே 23,000 பேர்.

இந்த எண்களைத்தான் 2019 பெப்ரவரியில், அடுத்து ஆட்சிக்கு வந்த டக் ஃபோர்ட் அரசின் அமைச்சர் லிசா மக்லவுட் கையிலெடுத்தார். நாலில் மூன்று பிள்ளைகளுக்கு எதுவுமே கிடைக்காத திட்டம் நீதியானதா என்று கேட்டார். கேள்வி சரியானது. அவர் சொன்ன விடை, இருப்பதை எல்லோருக்கும் பங்கு போடுவது. ஆறு வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 20,000 டொலர்வரை, அதற்குமேல் 5,000 டொலர்வரை. இரண்டு வயதில் சேர்ந்த பிள்ளைக்கு 18 வயதுவரை மொத்தம் 140,000 டொலருக்கு மிஞ்சாது. வருமானத்தைப் பார்த்தே கொடுக்கப்படும், 18 மாதத்தில் வரிசை தீர்ந்துவிடும். பேசத் தெரிந்த, ஆனால் வகுப்பில் சத்தம் தாங்கமுடியாத எட்டு வயதுப் பிள்ளைக்கும், பேச்சே இல்லாமல் தன் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே 5,000 டொலர். தேவை என்ற சொல்லே அந்தக் கணக்கில் இல்லை. மார்ச் மாதம் மாகாணச் சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கின் முன்றலில் பெற்றோர் நூற்றுக்கணக்கில் திரண்டார்கள். வருமானச் சோதனை சில வாரங்களில் கைவிடப்பட்டது, ஆண்டுத் தொகை இரட்டிப்பாகி 600 மில்லியன் டொலர் ஆனது, ஜூனில் அமைச்சர் மாற்றப்பட்டார். தேவையைப் பார்த்துக் கொடுக்கும் திட்டத்துக்கே மீளவேண்டும் என்று ஆலோசனைக் குழு அந்த ஆண்டு ஒக்ரோபரில் அறிக்கை கொடுத்தது. அரசும் ஒத்துக்கொண்டது. புதுத் திட்டம் வருமட்டும் இடைக்காலக் கொடுப்பனவு என்று வயதைப் பொறுத்து 20,000 அல்லது 5,000 டொலர் கொடுத்தார்கள். முன்பே உள்ளே இருந்தவர்களின் பயிற்சித் திட்டங்களை நீட்டித்தார்கள்.

2020-இல் மாகாணச் சட்டமன்றத்தின் நிதிப் பொறுப்பாண்மை அலுவலகம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. பழைய திட்டத்தின் தரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேவை கொடுப்பதானால் ஆண்டுக்கு 1.35 பில்லியன் டொலர் வேண்டும். கையில் இருந்தது அதில் பாதிக்கும் குறைவு. இந்த விவாதம் முழுவதிலும் மிக நேர்மையான ஆவணம் இதுதான் என்று நினைக்கிறேன். ‘தேவைக்கேற்ப’ என்று சொல்லிக்கொண்டு 600 மில்லியனை வைத்தால், மீதித் தேவை எங்கே போகும் என்பதற்கு அதில் விடை இருக்கிறது. அது போனது வரிசைக்கு. 2024-இல் தொகை 720 மில்லியனைத் தாண்டியது, 2025-இல் 779 மில்லியன். ஆனால் பயிற்சிகளுக்குப் பணம் தரும், புதுத் திட்டத்தின் முதன்மைச் சிகிச்சைச் சேவைக்குக் காத்திருப்போர் 2023-இலேயே 60,000 அளவில் இருந்தார்கள். பதிந்தவர்களில் சிறுபகுதியினரே அந்தச் சேவைக்குள் போயிருக்கிறார்கள்.

ஓட்டிசம் கூடிவிட்டது, அதுதான் காரணம் என்று சொல்வோருண்டு. கண்டறியப்படும் எண்ணிக்கை கூடியது உண்மை. கனடாவில் 2019-இல் எடுத்த சுகாதாரக் கணிப்பின்படி ஒரு வயது முதல் 17 வயதுவரையானவர்களில் 50 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் உறுதிசெய்யப்பட்டிருந்தது. முன்பு மந்தம் என்றும் பிடிவாதம் என்றும் முத்திரை குத்தப்பட்டவர்கள் இப்போது சரியாக அடையாளம் காணப்படுகிறார்கள் என்பதே இதில் பெரும்பகுதி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடினால் வகுப்பைக் கூட்டுகிறோம், பிரசவம் கூடினால் கட்டிலைக் கூட்டுகிறோம். இங்கே மட்டும் பிள்ளைகள் கூடினால் வரிசை நீள்கிறது.

இன்றைய திட்டம் நடக்கும் விதம் இது. ஓட்டிசம் என்று எழுதப்பட்ட அறிக்கையோடு ‘அக்செஸ் ஓஏபி’ (ஓஏபி என்பது ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டம்) என்ற மையத்தில் பதியவேண்டும். பதிந்த திகதிதான் வரிசையில் இடம். முறை வரும்போது அழைப்பு வரும். பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் பெற்றோரிடம் நீண்ட நேர்காணல் எடுப்பார்: பேச்சு, பழகும் விதம், உடுப்பு, சாப்பாடு, நித்திரை, ஆபத்தான நடத்தைகள். விடைகளை வைத்துத் தேவை எவ்வளவு என்று தீர்மானித்து, வயதையும் சேர்த்துப் பார்த்து, ஆண்டுக்கு 6,600 டொலரிலிருந்து 65,000 டொலர்வரை ஒரு தொகை முடிவாகும். அந்தப் பணத்தில் நடத்தைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, மனநல உதவி எதையும் பெற்றோர் தெரிவு செய்யலாம். தெரிவு பெற்றோர் கையில் இருப்பது பழைய திட்டங்களைவிட ஒரு பெரிய முன்னேற்றம், அதை மறுக்கக்கூடாது.

ஆனால் அந்த நேர்காணல்! மொழிபெயர்க்கவென்று தமிழ்த் தாய்மாருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். “மகன் தானாக உடுப்புப் போடுவாரா?” என்று கேள்வி வரும். “ஓம், போடுவார். நான் பக்கத்தில நிண்டு போட்டுவிடுறனான்,” என்பார் தாய். “சாப்பாடு எப்படி?” “அது பிரச்சினையில்லை, வடிவாச் சாப்பிடுவார்.” ஏழு வயதுப் பிள்ளைக்கு ஐபாடில் படம் ஓடவிட்டு, தயிர்ச்சோற்றைக் குழைத்து உருட்டித் தீத்தித்தான் அந்தச் சாப்பாடு உள்ளே போகிறது, வேறு எதையும் அவன் தொடமாட்டான் என்பது பிறகு, வெளியே கார் நிறுத்துமிடத்தில் நிற்கும்போது கதையோடு கதையாக வரும். நம் வீடுகளில் ஏழு வயதுக்குத் தீத்துவது ஒரு குறையாகவே தோன்றாது. நித்திரையைப் பற்றிக் கேட்டால், “எங்களுக்குப் பழகிட்டுது,” என்று ஒரு சிரிப்பு. அவன் இரவில் எழும்பி வாசலுக்கு ஓடுவதால் கதவின் உச்சியில் இரண்டாவது தாழ்ப்பாள் போட்டிருப்பதும், தாயும் தகப்பனும் முறை வைத்து முழித்திருப்பதும் கேட்டவரின் தாளில் ஏறாது. அந்நியர் முன் பிள்ளையைக் குறைத்துப் பேசக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கண்ணியத்தின் விலை சில நேரம் பல ஆயிரம் டொலர். நேர்காணலுக்கு முன் பிள்ளையின் மிகமோசமான ஒரு நாளைக் காலையிலிருந்து இரவுவரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

வரிசைக்கு முன்னே இன்னொரு வரிசை இருக்கிறது. அறிக்கை இல்லாமல் பதியமுடியாது. அறிக்கை எடுக்க ரொறன்ரோவின் ஹொலன்ட் புளோர்வியூ போன்ற அரசு நிதி பெறும் மையங்கள் மாகாணத்தில் ஐந்து இருக்கின்றன, சில குழந்தைநல வைத்தியர்களும் செய்வார்கள். இவை இலவசம், ஆனால் ஓராண்டும் அதற்கு மேலும் ஆகலாம். காசு இருந்தால் தனியார் உளவியலாளரிடம் சில ஆயிரம் டொலர் கட்டி, சில வாரங்களில் அறிக்கையை வாங்கிவிடலாம். பதிந்த திகதிதான் இடம் என்றால், அந்தச் சில ஆயிரம் டொலர் அரசு வரிசையில் ஓராண்டு முன்னுக்கு இடம் வாங்கிக் கொடுக்கிறது. பக்டரியில் இரண்டு ஷிப்ட் செய்யும் குடும்பம் அதே ஓராண்டு பின்னுக்கு நிற்கிறது. திட்டத்தை வகுத்தவர்கள் எவரும் இதை விரும்பிச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் எல்லா அமைச்சர்களுக்கும் இது தெரியும், எவரும் இந்த ஓட்டையை அடைக்கவில்லை.

நம் சமூகத்தில் அந்த முன்வரிசை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. ஒன்ராறியோவில் 18 மாதக் குழந்தைக்கு வைத்தியரிடம் விரிவான வளர்ச்சிப் பரிசோதனை உண்டு. அங்கே தாய் எதையாவது கவனித்துச் சொன்னாலும், வீட்டில் மாமியார், “இவற்ற தகப்பனும் நாலு வயசிலதான் கதைச்சவர்” என்பார். ஒரு வருடம் போகும். கோயிலுக்கு நேர்த்தி, சாதகம் பார்த்தல் என்று இன்னும் சில மாதங்கள். இதற்காக நான் எவரையும் குறைசொல்லமாட்டேன், போரிலிருந்து ஓடிவந்து ஒரு தலைமுறைக்குள் இருப்பவர்களுக்குப் பிள்ளை ஒன்றுதான் மிச்சம். அந்தப் பிள்ளையைப் பற்றிய கெட்ட செய்தியை எவரும் எளிதில் ஏற்கமாட்டார்கள். இந்த மௌனத்தை உடைக்க ஸ்காபரோவில் 2008-இல் நடன ஆசிரியை கீதா மூர்த்தி தொடங்கிய தெற்காசிய ஓட்டிச விழிப்புணர்வு மையம் செய்திருப்பது அரிய வேலை. நம் மொழி தெரிந்தவர்களிடம், நம் வீட்டு நிலைமை விளங்கியவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகலாம் என்பதே பல தாய்மாருக்கு முதல் ஆறுதலாக இருந்தது. ஆனால் அரசு தரவேண்டியதைச் சமூகம் நிதிசேர்த்துத் தரும்போது, அரசின் வரிசை எவ்வளவு நீண்டது என்பது வெளியே தெரியாமல் போகிறது. இதை அந்த மையத்தின் குறையாகச் சொல்லவில்லை.

இன்னொரு நட்டம் மொழியில். வீட்டில் ஆங்கிலம் மட்டும் கதையுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று நல்லெண்ணத்தோடு பயிற்சியாளர்கள் சொல்லிவந்தார்கள், இன்றும் சிலர் சொல்கிறார்கள். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் அபர்ணா நாடிக் குழுவினரின் ஆய்வுகள் உள்ளிட்டவை, ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இரண்டு மொழி கேடு செய்வதாகக் காட்டவில்லை. அந்த ஆலோசனையைக் கேட்டு நடந்த வீடுகளில் அம்மம்மாவுக்கும் பேரனுக்கும் நடுவில் இருந்த கொஞ்சப் பேச்சும் அறுந்துபோனது. நாள் முழுக்க அவனோடு இருப்பவர் அவர்தான். இலவசமாகக் கிடைக்கும் சேவைகளில் மிகப் பயனுள்ளது 12 முதல் 48 மாதப் பிள்ளைகளின் பெற்றோருக்கே பயிற்சி கொடுப்பது. முதன்மைச் சேவைக்கான நீண்ட வரிசையை எதிர்பார்த்திருக்காமல் இதில் சேரலாம். அந்தப் பயிற்சி அம்மம்மாவுக்குத் தமிழில் கிடைத்தால் பிள்ளைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வரிசையே இல்லாத வழி உண்டா? பிரிட்டிஷ் கொலம்பியா நெடுங்காலம் நடத்திவந்தது அப்படியொரு முறை. ஓட்டிசம் உறுதியானவுடன் ஆறு வயதுக்குக் கீழ் ஆண்டுக்கு 22,000 டொலர், அதன்பின் 18 வரை 6,000 டொலர். தீவிரத் தேவை உள்ளவர்களுக்கு இது போதவில்லை. டௌன் நோய்க்குறி உள்ள பிள்ளைக்கும், தாயின் மதுப் பழக்கத்தால் கருவிலேயே பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் அந்தப் பணம் கிடைக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய அநீதி. 2021-இல் அதை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான மையங்கள் அமைக்கப் போவதாக அங்குள்ள அரசு அறிவித்தது. கையில் இருப்பதை இழக்கப் பயந்த பெற்றோர் எதிர்த்தார்கள், 2022-இல் அது நிறுத்தப்பட்டது. அந்தப் பயத்தை நான் நன்றாக விளங்கிக்கொள்கிறேன். நேற்றுக் கொடுத்ததை நாளை எடுக்கமுடியும் என்று தெரிந்த பெற்றோர் எந்தச் சீர்திருத்தத்தையும் நம்பமாட்டார்கள். மத்திய அரசு 2023-இல் ஓட்டிசத்துக்கென ஒரு சட்டம் நிறைவேற்றி, 2024-இல் தேசிய மூலோபாயம் ஒன்றையும் வெளியிட்டது. சேவை தரும் கடமையை அது எந்த மாகாணத்தின் மீதும் சுமத்தவில்லை.

18 வயதில் இன்னொரு கதவு மூடுகிறது. ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டம் அன்றோடு முடிகிறது, வரிசையில் நின்றபடியே 18-ஐத் தாண்டியவர்களுக்கும்தான். அடுத்தது வளர்ந்தோருக்கான சேவை. அதில் சேர அறிவாற்றல் குறைபாடும் காட்டவேண்டும் என்பதால், படிப்பில் கெட்டிக்காரரான, ஆனால் தனியாக ஒரு பஸ் ஏறமுடியாத இளைஞர் வெளியே நிற்பார். உள்ளே போனவர்களுக்கும் அங்கே காத்திருப்புத்தான். வளர்ச்சிக் குறைபாடுள்ள வளர்ந்தவர்கள் போக இடமில்லாமல் ஆஸ்பத்திரிகளிலும் சிறையிலும்கூட இருக்க நேர்ந்ததை மாகாண முறைகேள் அதிகாரி போல் டூபே 2016-இல் விரிவாக எழுதினார்.

இந்த மாகாணத்துக்கு வேறு விதமாகவும் செய்யத் தெரியும். 1980-க்கு முன் ஊனமுற்ற பிள்ளையை எங்களிடம் வசதியில்லை என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பலாம். அந்த ஆண்டு நிறைவேறிய 82-ஆம் இலக்கச் சட்டமூலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்குரிய கல்வியைக் கொடுப்பது கல்விச் சபையின் கடமை என்றாக்கி, 1985-க்குள் தயாராகும்படி தவணை கொடுத்தது. ஆட்சியில் இருந்தது பில் டேவிஸின் கொன்சர்வேட்டிவ் கட்சி. இன்றைக்கும் விசேட கல்வியில் ஆயிரம் குறைகள் உண்டு. உதவி ஆசிரியர் இல்லையென்று பிள்ளையை மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்புவதும் நடக்கிறது. ஆனால் பெற்றோருக்கு முறையிடக் குழு இருக்கிறது, அதற்குமேல் தீர்ப்பாயம் இருக்கிறது, பிள்ளையை வரிசையில் நில் என்று ஐந்து ஆண்டு வெளியே வைக்க எந்தச் சபைக்கும் துணிவு வராது. ஓட்டிசச் சேவைக்கு அப்படி எதுவும் இல்லை. இத்தனை மாதத்துக்குள் தொடங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு, பதிந்த திகதியிலிருந்து கணக்கிட்டு ஒரு காலவரம்பைச் சட்டத்தில் எழுதவேண்டும், அதை மீறினால் முறையிட ஒரு தீர்ப்பாயம் வேண்டும். அப்போது நிதியமைச்சர் முதலில் பிள்ளைகளை எண்ணிவிட்டுப் பிறகு பணத்தை எண்ணவேண்டி வரும். 1.35 பில்லியன் பெரிய தொகைதான். கைமுறிவுக்கு எவ்வளவு ஆகிறது என்று யாரும் கூட்டிப் பார்த்துக் கதவை மூடுவதில்லை.

அதுவரை, இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சில நடைமுறை விடயங்கள். சந்தேகம் வந்த அன்றே வைத்தியரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், மூன்று வயதுவரை பொறுக்கவேண்டாம். அறிக்கை கையில் கிடைத்த அன்றே பதியுங்கள். அறிக்கையை முழுதாக வாசித்து விளங்கிக்கொள்வது பிறகு ஆகலாம். நான்கு வயதுக்குள் பெற்றோர் பயிற்சியையும், பள்ளிக்கூடம் சேரும் பருவத்தில் அதற்கான ஆயத்தப் பயிற்சியையும் கேட்டு வாங்குங்கள், இவற்றுக்கு வயது போனால் திரும்பி வராது. மாற்றுத்திறனாளி வரிச் சலுகைக்கான படிவத்தை வைத்தியரிடம் நிரப்பி அனுப்புங்கள், அது ஏற்கப்பட்டால் வருமானத்தைப் பொறுத்து மத்திய அரசின் பிள்ளைக் கொடுப்பனவு ஆண்டுக்கு 3,300 டொலருக்கு மேல்வரை கூடலாம். நேர்காணலுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம். வீடு மாறினாலோ மின்னஞ்சல் மாறினாலோ அக்செஸ் ஓஏபிக்கு அன்றே அறிவியுங்கள். அழைப்பு அந்த முகவரிக்குத்தான் வரும்.